சமையல் போட்டி பார்த்தால் இங்கிலீஷ் பேச்சு வருமா?

கேள்வி:

நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 36. ஆங்கிலம் படித்தால் புரியும், மெயிலும் ஓரளவு எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால்தான் வார்த்தை வராது. சமையல் போட்டி நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அன்றாட ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று ஒரு தோழி சொன்னாள். அதை நம்பிச் சில மாதங்களாக இரவில் விடாமல் பார்க்கிறேன். தமிழ் சப்டைட்டில் கிடைத்தால் அதை வைத்துக்கொள்வேன். புது வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்: ப்ளாஞ்ச், ஜூலியன், கனாஷ், எமல்சிஃபை, டீக்ளேஸ்... நோட்டு நிறைந்துவிட்டது. ஆனால் அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டி வந்தால் இதில் ஒன்றுகூட உதவுவதில்லை. டிவி பார்க்க இது ஒரு சாக்கு என்று வீட்டில் கிண்டல் வேறு. இது நேர விரயமா? எந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம்? சப்டைட்டில் வைத்துக்கொள்ளலாமா? அவர்கள் பேசுகிற வேகம் எனக்கு எப்போது பிடிபடும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பேச்சு ஆங்கிலப் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நேர விரயம் இல்லை. உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. ஆனால் நோட்டில் எழுதுவதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த வார்த்தைகள்தான் சிக்கல்.

ஜூலியன் என்றால் காய்கறியைத் தீக்குச்சி அளவில் மெல்லிசாக நறுக்குவது. டீக்ளேஸ் என்றால் வறுத்த பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைத் திரவம் ஊற்றிக் கரைத்தெடுப்பது. நல்ல வார்த்தைகள்தான். ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பலரும் இவற்றை வாழ்நாளில் சொல்வதே இல்லை. இவை தொழில்முறை சமையலறையின் சொற்கள், பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. திரையில் கேட்டதும் புதிதாகத் தெரிகிற வார்த்தையை நோட்டில் எழுதத் தோன்றுவது இயல்பு. அப்படி எழுதும்போது, அதே வாக்கியத்தில் ‘இது தெரிந்ததுதானே’ என்று நீங்கள் தாண்டிப்போன சின்ன வார்த்தைகள் கைநழுவிப் போகின்றன. உங்களுக்கு வேண்டியது அவைதான்.

போட்டி முடியப்போகிற நேரத்தில் ஒரு போட்டியாளர் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். ‘ஐம் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்.’ ‘ஐம் வே பிஹைண்ட்.’ ‘இட்ஸ் நாட் கமிங் டுகெதர்.’ ‘ஐ ஹேவ் டு ஸ்டார்ட் ஓவர்.’ ‘ஐ ஹோப் ஐ கேன் புல் திஸ் ஆஃப்.’ நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ரொம்பப் பின்தங்கிவிட்டேன், இது சேர்ந்து வரமாட்டேன் என்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எப்படியாவது சாதித்துவிட்டால் போதும். இதில் சமையல் எங்கே இருக்கிறது? மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாளில் நீங்கள் சொல்ல நினைக்கிற ஐந்து வாக்கியங்களும் இவையேதான்.

ரன், கம், கோ, கெட், புல், டர்ன், செட் எல்லாம் சின்ன வயதிலேயே படித்த சொற்கள். அவற்றோடு அவுட், அப், டவுன், ஆஃப், ஓவர் என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும்போது வேறு பொருள் வந்துவிடுகிறது. பாடப்புத்தகமும் அலுவலக மெயிலும் இந்தக் கூட்டு வினைகளை அதிகம் கற்றுத்தருவதில்லை. மெயிலில் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவோம், பேச்சில் ‘புட் ஆஃப்’ என்பார்கள். மெயிலில் ‘டிஸ்கவர்’, பேச்சில் ‘ஃபைண்ட் அவுட்’. படித்தால் புரிகிறது, பேச வரவில்லை என்று நீங்கள் சொல்வதற்குப் பெரிய காரணம் இது. எழுத்து ஆங்கிலத்தின் வார்த்தைகள் உங்களிடம் இருக்கின்றன. பேச்சு ஆங்கிலத்தின் வார்த்தைகளை யாரும் உங்கள் கையில் கொடுக்கவில்லை.

அதைக் கொடுக்கச் சமையல் போட்டி நல்ல இடம் என்பதற்குக் காரணம், பேச்சும் காட்சியும் ஒட்டியே வருவதுதான். நாடகத்தில் ஒருவர் போன வருஷம் நடந்த துரோகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், திரையில் ஒரு சோஃபா மட்டும் தெரியும். இங்கே ‘இட்ஸ் ஸ்டிக்கிங் டு த பேன்’ என்று சொல்லும்போதே பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. ‘இட்ஸ் ஃபாலிங் அபார்ட்’ என்கிறபோது கேக் சரிகிறது. அகராதியைப் புரட்டாமலே பொருள் புரிந்துவிடும். அப்புறம் இந்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு சடங்குத்தன்மை உண்டு. சாப்ட் என்கிற அமெரிக்க நிகழ்ச்சி 2009இல் தொடங்கியது. எப்போது பார்த்தாலும் நான்கு சமையல் கலைஞர்கள், மூன்று சுற்றுகள், கூடையில் மறைத்து வைத்த பொருட்கள், சுற்றுக்கு ஒருவர் வெளியேற்றம். தொகுப்பாளர் சொல்கிற வாக்கியங்களும் ஏறக்குறைய அவையேதான். பார்வையாளருக்கு இது சில நேரம் அலுக்கலாம். மொழி கற்கிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை, ஒரே வாக்கியம் வேறு வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் வசனங்களை எடுத்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை அலசி 2009இல் வெளியிட்டார்கள். அதிகம் புழங்குகிற 3,000 சொற்குடும்பங்களும் ஆட்பெயர், ஊர்ப்பெயர் போன்றவையும் தெரிந்திருந்தால் டிவியில் பேசப்படுவதில் சுமார் 95 சதவீதச் சொற்கள் தெரிந்தவையாகிவிடும் என்பது அவர்கள் கண்டது. 98 சதவீதத்தைத் தொட 7,000 வேண்டும். சொற்குடும்பம் என்றால் குக், குக்ஸ், குக்ட், குக்கிங் எல்லாம் சேர்ந்து ஒன்று. அலுவலக மெயிலைச் சமாளிக்கிற உங்களுக்கு இந்த 3,000இல் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்திருக்கும், காதுக்குத்தான் பழகியிருக்காது. இதே இருவரும் பிறகு இன்னொன்றையும் காட்டினார்கள். வெவ்வேறு நிகழ்ச்சிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, ஒரே நிகழ்ச்சியின் எபிசோடுகளைத் தொடர்ந்து பார்த்தால் புதுச் சொற்கள் குறைவாக வரும், வந்த சொற்களே மீண்டும் மீண்டும் வரும். ஆகவே ஒரு நிகழ்ச்சி, ஒரு சீசன். அது முடிகிற வரை வேறொன்றைத் தொடாதீர்கள்.

எந்த நிகழ்ச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது மாஸ்டர்செஃப் ஜூனியர். அமெரிக்கப் பதிப்பு 2013இல் ஆரம்பித்தது, போட்டியாளர்கள் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள். பிள்ளைகள் சுற்றிவளைக்காமல் பேசுகிறார்கள். அவர்களிடம் பேசுகிற நடுவர்களும் நிதானமாக, முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள். கோபத்துக்குப் பெயர்போன சமையல் கலைஞர் கார்டன் ராம்சேகூட அங்கே வேறு மனிதர். அவரே நடத்துகிற ஹெல்ஸ் கிச்சனைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். கத்தல் நடுவே பாதிப் பேச்சு கேட்காது, மீதிப் பாதியில் ‘பீப்’ ஒலி.

அடுத்ததாக, 2010இல் தொடங்கிய பிரிட்டனின் கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப். ‘பேக்-ஆஃப்’ என்ற பெயருக்கு அமெரிக்காவில் ஒரு மாவு நிறுவனம் வணிக உரிமை வைத்திருப்பதால் அங்கே இது கிரேட் பிரிட்டிஷ் பேக்கிங் ஷோ என்ற பெயரில் வருகிறது. தேடும்போது குழம்ப வேண்டாம். ஒரு கூடாரத்துக்குள் சமையலைத் தொழிலாகச் செய்யாத சாதாரண மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டே போட்டி போடுகிறார்கள். பிரிட்டிஷ் பேச்சின் நாசூக்கு இதில் நிறைய. 2009இல் தொடங்கிய மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியாவும் நல்லதுதான். ஆனால் ஒரு சீசனே மிக நீளம், ஆஸ்திரேலிய உச்சரிப்புக்குக் காது பழகக் கொஞ்சம் நாள் ஆகும். எதைப் பார்த்தாலும் ஆளுக்கு ஆள் பேச்சு மாறும். போட்டியாளர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வருகிறவர்கள், சிலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. அவர்கள் பேசுவதைக் கேட்பது உங்களுக்குத் தைரியம் தரும். இலக்கணம் சறுக்குகிறது, கதை நிற்பதில்லை.

இனி எதைப் பொறுக்குவது என்ற விஷயம். ஒரு எபிசோடில் மூன்று விதமான பேச்சு இருக்கிறது, மூன்றும் ஒரே தரம் இல்லை.

முதலாவது தொகுப்பாளரின் அறிவிப்பு. ‘யூ ஹேவ் டென் மினிட்ஸ் லெஃப்ட்’, ‘டைம்ஸ் அப்’ மாதிரி. இதிலிருந்து அந்த ‘லெஃப்ட்’டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி என்று சொல்ல நாம் ‘பேலன்ஸ்’, ‘பெண்டிங்’ என்றே பழகிவிட்டோம். ‘ஒன்லி டூ ஃபைல்ஸ் ஆர் லெஃப்ட்’ என்பது எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்.

இரண்டாவது, போட்டியாளர் வேலை செய்துகொண்டே பேசுவது. நடுவர் மேசைக்கு வந்து ‘வாட் ஆர் யூ மேக்கிங் ஃபார் அஸ் டுடே?’ என்று கேட்பார். ‘ஐம் கோயிங் வித் சாக்லேட்’ என்பார் இவர். சாக்லேட்டோடு எங்கேயும் கிளம்பவில்லை, சாக்லேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்கிறார். ‘ஐம் ஜஸ்ட் கோயிங் டு லெட் திஸ் கூல் டவுன்’, ‘ஐ வாஸ் கோயிங் டு யூஸ் க்ரீம், பட் ஐ சேஞ்ச்டு மை மைண்ட்’. திட்டம், காரணம், மனமாற்றம் மூன்றையும் சொல்கிற வாக்கியங்கள் இங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன.

இதற்குள்ளேயே இன்னொரு வகை ஒளிந்திருக்கிறது. போட்டியாளர் தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிற துண்டுகள். அவை சமையல் முடிந்த பிறகு எடுக்கப்படுபவை. ஆனாலும், குறிப்பாக அமெரிக்க நிகழ்ச்சிகளில், ‘ஸோ ஐம் ரன்னிங் டு த பேன்ட்ரி, அண்ட் ஐ ஸீ தேர்ஸ் நோ பட்டர்’ என்று இப்போது நடப்பது போலவே சொல்வார்கள். விறுவிறுப்புக்காகச் செய்வது. நேற்று நடந்ததை மேலாளரிடம் சொல்லும்போது இந்தப் பாணி வேண்டாம். நேற்றைக்கு ‘ஐ ரேன்’, ‘ஐ ஸா’தான்.

மூன்றாவது நடுவர்களின் தீர்ப்பு. என்னைக் கேட்டால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கடைசிப் பத்து நிமிடமே போதும் என்பேன். கருத்துச் சொல்வது, குறை சொல்வது, குறையைப் புண்படுத்தாமல் சொல்வது என்று அலுவலகத்தில் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிற எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கிறது.

அவர்கள் ‘இட்ஸ் பேட்’ என்று சொல்வது அபூர்வம். ‘இட்ஸ் எ பிட் ட்ரை.’ ‘இட்ஸ் நாட் குவைட் தேர்.’ ‘இட் நீட்ஸ் சம்திங் டு லிஃப்ட் இட்.’ ‘ஐ வுட் ஹேவ் லைக்டு எ லிட்டில் மோர் சாஸ்.’ பிரிட்டிஷ் நடுவர் என்றால் ‘இட் குட் ஹேவ் டன் வித் அனதர் ஃபைவ் மினிட்ஸ்’ என்பார். இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் நன்றாக வந்திருக்கும் என்று அர்த்தம். முதலில் நல்லதைச் சொல்வார்கள், நடுவில் ஒரு ‘பட்’ வரும், அதன் பிறகு ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’, ‘மேபி’ போட்டுக் குறையை இறக்குவார்கள். சக ஊழியர் தயாரித்த அறிக்கையைப் பற்றிக் கூட்டத்தில் கருத்துக் கேட்டால், ‘த நம்பர்ஸ் ஆர் ஸ்பாட் ஆன், பட் த சம்மரி இஸ் எ பிட் லாங்’ (எண்கள் மிகச் சரி, சுருக்கம்தான் கொஞ்சம் நீளம்) என்று நீங்கள் சொல்லலாம். ஒரு வார்த்தையும் கடினம் இல்லை. வாக்கியத்தின் அமைப்பைத்தான் நடுவரிடமிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

பாராட்டிலும் அப்படியே. ‘வெரி நைஸ்’, ‘சூப்பர்’ தாண்டி நமக்கு எதுவும் வராது. ‘யூ நெய்ல்டு இட்’ (அசத்திவிட்டாய்), ‘தட் ரியலி வொர்க்ஸ்’, ‘ஐம் இம்ப்ரெஸ்டு’, ‘யூ ஷுட் பி ப்ரவுட் ஆஃப் திஸ்’. இவற்றில் முதலாவது நெருங்கியவர்களிடம் மட்டும். மற்றவற்றை யாரிடமும் சொல்லலாம்.

சமையலறை வார்த்தைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வார்த்தைகள் சமையலறையில் பிறந்து அலுவலகத்தில் குடியேறியவை, அவற்றைத் தாராளமாக எழுதி வையுங்கள். அவசரமில்லாத வேலையை இப்போதைக்கு ஒதுக்கி வைப்பது ‘புட் இட் ஆன் த பேக் பர்னர்’. சரியாக யோசிக்காத திட்டம் ‘ஹாஃப்-பேக்ட்’. நீளமான விவாதத்தின் சாரம் என்னவென்று சொல்ல ‘இட் பாயில்ஸ் டவுன் டு...’ ஆடிட்டர் துருவித் துருவிக் கேட்டால் ‘ஹி க்ரில்ட் மீ’. கைப்பிடி அளவைக் குறிக்கிற ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப்’ ஆட்களுக்கும் ஆகும், இன்வாய்ஸுக்கும் ஆகும். கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ‘குக் த புக்ஸ்’ என்றால் கணக்கில் தில்லுமுல்லு செய்வது. விளையாட்டுக்கும் அதை மேலாளர் முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

நாட்டுக்கு நாடு மாறுகிற சொற்கள் சில உண்டு, ஒருமுறை கேட்டுவைத்தால் போதும். பிரிட்டனில் ‘க்ரில்’ என்றால் மேலிருந்து சூடு வருவது, அதை அமெரிக்கர் ‘ப்ராயில்’ என்பார், அவருடைய ‘க்ரில்’லுக்குக் கீழிருந்து நெருப்பு. ‘ஆன்ட்ரே’ அமெரிக்காவில் முக்கிய உணவு, ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் வருகிற சிறு உணவு. பிரிட்டிஷ்காரர் ‘புட்டிங்’ என்று சொன்னால் பல நேரம் பொதுவாக இனிப்புப் பதார்த்தம் எதையும் குறிக்கிறார். அமெரிக்க அடுப்பு 350 டிகிரி என்று கேட்டுத் திகைக்க வேண்டாம், அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் ஏறக்குறைய 177. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள்.

படித்தே ஆங்கிலம் கற்றவர்களுக்கு இந்த நிகழ்ச்சிகள் செய்கிற இன்னொரு உபகாரம் உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து நாமாக ஒன்றை மனதில் வைத்திருப்போம். ‘சால்மன்’ என்று எழுதிய மீனை அவர்கள் ‘ல்’ இல்லாமல் ‘சாமன்’ என்கிறார்கள். பிசைந்த மாவு ‘டோ’. உலர்ந்த மாவும் பூவும் காதுக்கு ஒன்றேதான், இரண்டுமே ‘ஃப்ளவர்’. உணவுக்குப் பிறகு வருகிற இனிப்பான ‘டிஸர்ட்’டில் அழுத்தம் இரண்டாவது அசையில், பாலைவனத்தைக் குறிக்கிற ‘டெஸர்ட்’டில் முதல் அசையில். மூலிகையை அமெரிக்கர் ‘எர்ப்’ என்பார், பிரிட்டிஷ்காரர் ‘ஹெர்ப்’. சரியானதைத் தெரிந்துகொண்டால் கேட்கிறபோதும் சட்டென்று பிடிபடும். நீங்கள் வேகம் என்று நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் இதுதான், மனதில் இருக்கிற ஒலியும் காதில் விழுகிற ஒலியும் ஒத்துப்போகாதது.

மீதிப் பகுதி, வார்த்தைகள் ஒட்டிக்கொள்வது. ‘கோயிங் டு’ ‘கனா’ ஆகிவிடும், ‘ஷுட் ஹேவ்’ ‘ஷுடவ்’ ஆகிவிடும், ‘எ லாட் ஆஃப்’ ‘அலாட்டா’ என்று கேட்கும். தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ ‘வந்துட்டிருக்கேன்’ ஆவதில்லையா, அதே கதை. இப்படிக் கேட்கப் பழகுங்கள், பேச அவசரப்பட வேண்டாம். நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுகிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. அவர்கள் வேகத்தில் பேச வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள், புரிந்துகொள்கிற வேகம் வந்தால் போதும். யூடியூபில் இருக்கிற துண்டுகளை 0.75 வேகத்தில் வைத்துக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டுப் பேச்சு மாதிரியே இருக்காது.

சப்டைட்டில் விஷயத்துக்கு வருவோம். தமிழ் சப்டைட்டிலை இன்றே நிறுத்துங்கள். அது இருக்கும்போது கண் தமிழைப் படிக்கும், மூளை அதோடு திருப்தி அடைந்துவிடும், ஆங்கிலம் பின்னணி இசை மாதிரி ஓடும். சில மாதங்களாகக் கேட்டும் வாயில் எதுவும் தங்கவில்லை என்பதற்கு இதுவும் காரணம். ஆங்கில சப்டைட்டில் வேறு விஷயம். ஒட்டிப்போன பேச்சை அது பிரித்துக் காட்டுகிறது. உங்களைப் போலக் கண் பழகி, காது பழகாதவர்களுக்கு அதைவிடத் துணை கிடையாது. இடம் போதாமல் சில நேரம் வசனத்தைச் சுருக்கிப் போடுவார்கள், எழுத்தும் பேச்சும் ஒத்துப்போகவில்லை என்றால் காதை நம்புங்கள்.

பார்க்கிற விதத்தை மாற்ற வேண்டும். ஒரு மணி நேர எபிசோடை ரசித்துப் பாருங்கள், அதில் எந்தத் தடையும் இல்லை, அது உங்கள் பொழுதுபோக்கு. படிப்பு என்பது அதிலிருந்து ஒரு பத்து நிமிடம் மட்டும். அந்தப் பத்து நிமிடத்தை முதலில் ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். இரண்டாம் முறை, நாளைக்கே அலுவலகத்தில் சொல்லக்கூடிய மூன்று அல்லது நான்கு வாக்கியங்கள் எங்கே வருகின்றன என்று பார்த்து, அங்கங்கே நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்தோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் கணக்கில் வராது. மூன்றாம் முறை சப்டைட்டில் இல்லாமல்.

நோட்டில் தனி வார்த்தையை எழுதுவதை விடுங்கள். முழு வாக்கியமாக எழுதி, அதன் கீழேயே உங்கள் வேலையை வைத்து அதே அமைப்பில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘வீ ரேன் அவுட் ஆஃப் எக்ஸ்’ என்று அவர் முட்டை தீர்ந்ததைச் சொன்னால், ‘வீ ரேன் அவுட் ஆஃப் பிரிண்டர் பேப்பர்’ என்று நீங்கள். ‘இட் டர்ன்டு அவுட் பெட்டர் தேன் ஐ எக்ஸ்பெக்டட்’ என்று அவர் கேக்கைச் சொன்னால், நீங்கள் ஆடிட்டைச் சொல்லுங்கள். தமிழ்ப் பொருள் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை, உங்கள் வாக்கியமே பொருளைக் காட்டிவிடும். பழைய நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அதைத் திரும்பப் படிக்கவும் வேண்டாம்.

பேச்சுக்கு நான் எல்லாரையும் செய்யச் சொல்கிற ஒரு பயிற்சி உண்டு. நடுவர் உணவை வாயில் வைத்ததும் படத்தை நிறுத்துங்கள். அவர் சொல்வதற்கு முன் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில், சத்தமாக, குறைந்தது இரண்டு வாக்கியம். ருசிக்க முடியாதே என்றால் பார்வையில் தெரிவதைச் சொல்லுங்கள்: நிறம், வெந்திருப்பது, தட்டில் வைத்திருக்கிற விதம். பிறகு ஓடவிட்டு, நடுவர் எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். அவர் வாக்கியத்துக்கும் உங்கள் வாக்கியத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் அன்றைய பாடம். ‘இட்ஸ் நாட் குக்ட் ப்ராப்பர்லி’ என்று நீங்கள் சொல்லி, அவர் ‘இட்ஸ் ஸ்டில் ரா இன் த மிடில்’ என்று சொன்னால், அந்த வாக்கியம் எளிதில் மறக்காது. நீங்கள் தேடிக் கிடைக்காத இடத்தில் அது வந்து விழுந்திருக்கிறது. வீட்டில் கிண்டல் செய்கிறவர்களையும் கூட உட்கார வைத்து, யார் வெளியேறுவார் என்று ஆங்கிலத்தில் மட்டும் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் கிண்டல் குறையும்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை தேவை. போட்டிச் சமையலறையில் நேரம் இல்லாததால் மரியாதைச் சொற்கள் உதிர்ந்துவிடும். ‘பாஸ் மீ தட்’, ‘மூவ்’, ‘ஹர்ரி அப்’ எல்லாம் அங்கே சரி. அலுவலகத்தில் ‘கிவ் மீ தட் ஃபைல்’ என்றால் அதட்டல் போல ஒலிக்கும். தமிழில் ‘கொடுங்கள்’ என்ற சொல்லிலேயே மரியாதை ஏறிவிடுகிறது, ஆங்கில வினைச்சொல்லில் அந்த வசதி இல்லை. அதனால் ‘குட் யூ பாஸ் மீ தட் ஃபைல்?’ என்று கேள்வியாகத்தான் கேட்க வேண்டும். ‘ப்ளீஸ்’ ஒட்டினாலும் கட்டளை கட்டளைதான், கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவே.

இந்த நிகழ்ச்சிகளால் ஆகாதவையும் உண்டு. தொலைபேசியில் எதிர்முனையைச் சமாளிப்பது, ஒருவர் பேசும்போது இடைமறிப்பது, விடுப்புக் கேட்பது, நீண்ட வாதம் செய்வது ஆகியவற்றுக்கு இங்கே மாதிரி கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரை உங்களுக்குப் பதில் சொல்லாது. வாரத்துக்கு ஒரு முறையாவது ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இந்த யோசனையைக் கொடுத்த தோழியையே பிடியுங்கள். இருவரும் ஒரே எபிசோடைப் பார்த்துவிட்டு, தீர்ப்பு நியாயமா இல்லையா என்று கால் மணி நேரம் சண்டை போட்டால் போதும்.

ஒரு சீசனை இப்படி முடித்தபின், சப்டைட்டில் இல்லாமல் நடுவர் தீர்ப்பு பெரும்பாலும் புரிகிறது என்றால், சமையலை விட்டு வெளியே வாருங்கள். தையல் போட்டி, மண்பாண்டப் போட்டி, வீட்டைப் புதுப்பிக்கிற நிகழ்ச்சி என்று கைவேலை சார்ந்தவை நிறைய இருக்கின்றன. அங்கே பொருட்களின் பெயர் மட்டும் மாறும். ‘ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’, ‘ஃபாலிங் அபார்ட்’, ‘எ பிட் டூ’ எல்லாம் அங்கேயும் வரும், முதல் எபிசோடிலேயே உங்களுக்குக் கேட்கும். வீடு புதுப்பிக்கிற நிகழ்ச்சிகளில் செலவு, மதிப்பீடு, பட்ஜெட் தாண்டுவது என்று பேச்சு போகும். கணக்குப் பிரிவுக்காரருக்கு இரண்டாவது சீசனாக நான் அதைத்தான் சொல்வேன்.